கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்ன அத்தனை பேருக்கும்



நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு கைகூப்பும் படம் போடுகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டுப் போகலாம். மற்றவர்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு வரி போட்டிருந்தேன். "ஆயில் மாற்றியதிலிருந்து பைக் இழுக்க மாட்டேன் என்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது." அரை மணி நேரத்தில் 17 பதில்கள். "கிளட்ச் பிளேட் போச்சு பெரியப்பா, மாத்திடுங்க." "சிந்தெடிக் ஊத்துனா அப்படித்தான் ஆகும்." "பழைய வண்டி மாமா, வித்துட்டு ஸ்கூட்டர் எடுங்க." "வயசாயிடுச்சு, அரை கிளட்ச்சுல ஓட்டுறீங்க போல." பதினேழில் ஒன்றாவது கேள்வியாக இருந்ததா? என்ன ஆயில், யார் ஊற்றினார்கள், லிவரில் பிளே இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டீர்களா? எல்லாமே தீர்ப்பு. குற்றப்பத்திரிகையே இல்லாமல் தூக்குத் தண்டனை.

நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 125 சிசி வண்டி, 11 வருடமாக என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஆயில் மாற்றுவது, செயின் துடைப்பது எல்லாம் நானே வீட்டு வாசலில் செய்துகொள்வேன். அந்தத் திங்கட்கிழமையும் செய்தேன். மாப்பிள்ளை தன் காருக்கு வாங்கியதில் ஒன்றரை லிட்டர் ஆயில் மீதி இருந்தது. முழு சிந்தெடிக். நான் வழக்கமாக வாங்குவதைவிட இரண்டு மடங்கு விலை. "நல்ல ஆயில் மாமா, வீணாப் போகுது" என்றார். விலை அதிகம் என்றால் தரமும் அதிகம்தானே என்று நானும் ஊற்றிவிட்டேன்.

வியாழக்கிழமை நானும் வீட்டு அம்மாவும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினோம். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். போனவர்களுக்குத் தெரியும். இருபது வளைவு தாண்டியதும் சத்தம் மாறியது. மூன்றாவது கியரில் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வேகம் வரவில்லை. "ஏனுங்க, வண்டி ஏன் இப்படிக் கத்துது?" என்று பின்னாலிருந்து கேட்டாள். "மேடு, அப்படித்தான் கத்தும்" என்றேன். அதுவும் ஒரு தீர்ப்புதான். நானும் உங்களில் ஒருவன்தான்.

நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவு. முதல் கியர். திருப்பத்தின் நடுவில் எஞ்சின் அலறியது, வண்டி நின்றது. அடுத்த நொடி பின்னால் நகர ஆரம்பித்தது. கீழே இருந்து ஒரு பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். அவள் குதித்து இறங்கிவிட்டாள். ஓட்டுநர் முன்னாலேயே பார்த்து நிறுத்தியதால் இன்று இதை எழுதுகிறேன். அவர் திட்டவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ள உதவினார். அவளை மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டு வந்தேன்.

அடிவாரத்தில் ஒரு கடை. நான் சொன்னதைப் பாதி கேட்டார். "கிளட்ச் பிளேட் அடிச்சிருச்சுங்க. செட்டா மாத்திரலாம், 2,600 ஆகும்." லிவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. சாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவில்லை. குடும்பக் குழுவும் அதையே சொன்னதால் "சரி, மாத்துங்க" என்று சொல்லும் இடத்துக்கு நான் வந்துவிட்டேன். கையில் அவ்வளவு பணம் இல்லாததால்தான் தப்பினேன்.

மறுநாள் எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் கேட்டது இவ்வளவுதான்.

"எப்ப இருந்து சார்?"

"மூணு நாளா."

"அதுக்கு முன்னாடி வண்டில என்ன பண்ணுனீங்க?"

"ஆயில் மாத்துனேன்."

"லிவர்ல, ஒயர்ல கை வச்சீங்களா?"

"இல்லை."

"ஆயில் டப்பா இருக்குதுங்களா சார்?"

கேட்டுக்கொண்டே லிவரின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஹேண்டில் பாரை இடமும் வலமுமாக முழுக்கத் திருப்பி மறுபடி ஆட்டினான். பிறகு வெளியே ஓட்டிப் போய் வந்தான். டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துவந்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காருக்குங்க சார்" என்றான். கேலி இல்லை, கோபம் இல்லை. நான்தான் தலை குனிந்தேன்.

ஏன் குனிந்தேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குப் புரியும். 31 வருடம் உங்களுக்கு உராய்வுப் பாடம் நடத்தியவன் நான். எண்ணெய் உராய்வைக் குறைக்கும் என்று உங்களை நூறு முறை எழுத வைத்தவன். உராய்வு இல்லாவிட்டால் நடக்கவும் முடியாது என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டியவன். உராய்வை மட்டுமே நம்பி வாழும் ஒரு பொருளின் மேல், உராய்வைக் குறைப்பதற்கென்றே செய்த எண்ணெயை நானே ஊற்றியிருக்கிறேன்.

பாடம் நடத்தாமல் விடமாட்டேன், கேளுங்கள்.

காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினோடு நின்றுவிடும். கார் கிளட்ச் பொதுவாக உலர்ந்தது, ஆயில் அதைத் தொடாது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் அப்படி இல்லை. எஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் அந்த ஆயிலில் நனைந்துகொண்டேதான் சுற்றுகிறது. உள்ளே உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை இறுக்கி அழுத்தும். எஞ்சினின் சக்தி ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு உராய்வின் வழியாகத்தான் போகிறது. லிவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், தட்டுகள் தனித்தனியாகச் சுற்றும். விட்டால் மறுபடி ஒட்டும். லிவரை விட்ட பிறகும் தட்டுகள் வழுக்கினால், அதுதான் கிளட்ச் ஸ்லிப். எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்கு முழுதாக வந்து சேராது. நடுவில் வெப்பமாக வீணாகும். அந்த வெப்பம் தட்டைக் கருக்கும்.

கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள், மாலிப்டினம் கூட்டுப்பொருள்கள் போல. காருக்கு நல்லது. நனைந்த கிளட்ச்சுக்கு அது வாழைப்பழத் தோல். இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998-இல் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் கொண்டுவந்தார்கள். ஜாசோ டி 903 என்று பெயர். கிளட்ச் தட்டுகளை அந்த ஆயிலில் சுழலவிட்டு, அசையும்போது எவ்வளவு உராய்வு, நிலையாக இருக்கும்போது எவ்வளவு, நிற்க எவ்வளவு நேரம் என்று அளக்கிறார்கள். உராய்வு போதுமான அளவு இருந்தால் எம்ஏ. குறைந்தால் எம்பி. 2006-இல் எம்ஏ-வையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் அவற்றுக்கு எம்பி போதும். டப்பாவின் பின்னால் ஒரு சின்னப் பெட்டிக்குள் இந்த எழுத்து இருக்கும். என் மாப்பிள்ளையின் டப்பாவில் அந்தப் பெட்டியே இல்லை. அதற்குப் பதில் ஏ.பி.ஐ. வட்ட முத்திரையின் அடியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று போட்டிருந்தது. இந்த வார்த்தையோ, பழைய டப்பாக்களில் "எனர்ஜி கன்சர்விங்" என்ற வார்த்தையோ இருந்தால், கியர் பைக்கில் அதை ஊற்றாதீர்கள்.

"சிந்தெடிக் ஊத்துனா அப்படித்தான்" என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவறு. எம்ஏ2 முத்திரையோடு முழு சிந்தெடிக் ஆயில் பைக்குக்கென்றே விற்கிறார்கள், கிளட்ச் வழுக்காது. முத்திரை இல்லாத சாதா ஆயிலும் வழுக்கலாம். குற்றவாளி சேர்மானம், நீங்கள் பிடித்து அடித்தது சிந்தெடிக் என்ற பெயரை.

இதைப் படித்துவிட்டு, "ஆக, ஆயில் மாற்றிய பிறகு ஸ்லிப் ஆனால் ஆயில்தான் காரணம்" என்று அடுத்த தீர்ப்பு எழுதப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். நில்லுங்கள். என் தங்கை மகன் கதையைக் கேளுங்கள்.

அவன் சேலத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். வண்டி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அவனுக்கும் இதே கதை. சர்வீஸ் விட்டான், ஆயில் மாற்றினார்கள், ஒரு வாரத்தில் இழுவை போனது. எல்லாரும் ஆயிலைத் திட்டினார்கள். ஆயிலை மாற்றினான், சரியாகவில்லை. பிளேட் செட் மாற்றினான். நன்றாக ஓடியது. நாலு மாதத்தில் மறுபடி அதே நோய். மறுபடி பிளேட் செட். இரண்டு தடவைக்கு ஐயாயிரம் போனது, நாலு நாள் கூலியும் போனது. என் வண்டி விஷயம் முடிந்ததும் அவனை வரச்சொல்லி அதே மாணவனிடம் அழைத்துப் போனேன். லிவரைத் தொட்டதுமே அவன் முகம் மாறியது. பிளே துளிகூட இல்லை. ஒயர் கம்பி மாதிரி விறைத்திருந்தது.

"யாரு இவ்வளவு டைட் வச்சது?"

"நாந்தாங்கண்ணா வைக்கச் சொன்னேன். லிவர் லொடலொடன்னு இருந்துச்சு."

அவ்வளவுதான் விஷயம். லிவரை விட்ட பிறகும் ஒயர் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. முழு அழுத்தம் வராத தட்டு நாள் முழுக்க வழுக்கித் தேய்ந்தது. ஒவ்வொரு சர்வீஸிலும் இவன் டைட் வைக்கச் சொல்கிறான், அவர்களும் வைத்துக் கொடுக்கிறார்கள். புதுத் தட்டையும் அதே ஒயர் தின்றது. இரண்டு செட் தட்டு போனது, நோய் மட்டும் அப்படியே இருந்தது. திருப்பிவிட வேண்டியிருந்தது ஒரே ஒரு நட்டு.

ஒரே அறிகுறி, ஒரே நேரம், வேறு வேறு காரணம். கடைசியாக எது மாறியதோ அதை முதலில் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டாலே குற்றம் நிரூபணமாகிவிடாது. சோதிக்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில். வரிசையாகச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. கிளட்ச்தானா என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான, சமமான சாலை. மேல் கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். சத்தமும் ஏறாமல் எஞ்சின் திணறினால் கோளாறு வேறிடம். கடகடவென்று தாவினால் செயினைப் பாருங்கள். மலையில் இதைச் சோதிக்காதீர்கள், நான் சோதித்தது போதும்.

2. லிவரின் நுனியை லேசாக ஆட்டுங்கள். ஒயர் இழுபடுவதற்கு முன் நுனியில் கொஞ்சம் சும்மா அசைய வேண்டும். பல வண்டிகளின் கையேட்டில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று இருக்கும். உங்கள் கையேட்டைப் பாருங்கள். ஹேண்டில் பாரை இருபுறமும் திருப்பியும் பாருங்கள். திருப்பும்போது பிளே மறைந்தால் ஒயர் போகும் வழி சரியில்லை. லிவர் விட்டதும் சட்டென்று திரும்பாவிட்டால் ஒயர் காய்ந்திருக்கிறது அல்லது பிரிந்திருக்கிறது. அந்த "லொடலொட" நோய் இல்லை. அது இருக்க வேண்டியது.

3. ஆயில் டப்பாவைத் தேடுங்கள். முத்திரையைப் படியுங்கள். கடையில் ஊற்றினால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அளவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. தவறான ஆயில் என்றால் அதை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். ஒரே முறையில் முழுதும் போகாது, மூலைமுடுக்கில் கொஞ்சம் தங்கும். அலட்டாமல் சில நாள் ஓட்டி மறுபடி மாற்றுங்கள்.

5. இவ்வளவும் செய்து தீராவிட்டால்தான் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உராய்வுத் தட்டின் தடிமன், ஸ்பிரிங்கின் நீளம், இரும்புத் தட்டு நீலம் பாய்ந்திருக்கிறதா, கண்ணாடி மேல் வைத்தால் நெளிந்திருக்கிறதா. கையேட்டின் எல்லைக்குள் இருப்பதை மாற்றத் தேவையில்லை. தாண்டியதை மாற்றுங்கள். புதுத் தட்டைச் சரியான ஆயிலில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள்.

என் வண்டி நாலாவது படியிலேயே தீர்ந்தது. முதல் முறை மாற்றிய பிறகும் மேல் கியரில் கொஞ்சம் வழுக்கியது. இரண்டாம் முறைக்குப் பின் இல்லை. மூன்று நாள்தான் ஓட்டினேன் என்பதால் பிழைத்தது. இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் தட்டு கருகி, அடிவாரத்துக் கடைக்காரர் சொன்ன 2,600 உண்மையாகியிருக்கும். அதனால் ஸ்லிப் ஆகிற வண்டியை "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடாதீர்கள்.

இனிமேல் எழுதுவதுதான் இந்தப் பதிவின் காரணம்.

மெக்கானிக்குகளைத் திட்டுவது சுலபம். ஏன் பார்க்காமலே பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்று யோசித்தீர்களா? பாகத்துக்கு மட்டும்தான் நாம் மறுபேச்சில்லாமல் காசு கொடுக்கிறோம். புதுத் தட்டைக் கண்ணில் காட்டினால் 2,600 கொடுப்போம். அரை மணி நேரம் யோசித்து ஒரு நட்டைத் திருப்பியவனிடம் "சும்மா திருப்புனதுக்கு எதுக்குப்பா காசு?" என்று கேட்போம். அப்படியானால் எவன் யோசிப்பான்? யோசிக்கிறவன் கடையைச் சாத்துகிறான், மாற்றுகிறவன் பிழைக்கிறான். அந்த அடிவாரத்துக் கடையைக் கட்டியது நீங்களும் நானும்தான்.

நானும்தான் என்று சும்மா சொல்லவில்லை. போன வருடம் இதே மாணவனிடம் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை என்று கொண்டுபோனேன். முக்கால் மணி நேரம் தேடி, சேசிஸில் எர்த் ஒயர் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து முறுக்கிக் கொடுத்தான். 150 கேட்டான். "ஒரு நட்டை முறுக்குனதுக்கா?" என்று சொல்லி 50 கொடுத்துவிட்டு வந்தேன். ஆசிரியர் என்பதால் வாங்கிக்கொண்டான். பேட்டரி போச்சு என்று சொல்லியிருந்தால் அன்று பேசாமல் அதன் விலையைக் கொடுத்திருப்பேன். என்னை ஏமாற்ற அவனுக்கு எல்லா வழியும் இருந்தது. அவன் ஏமாற்றாததற்கு நான் 100 ரூபாய் அபராதம் போட்டேன்.

இந்த முறை ஆயிலுக்கு 840 ஆனது. கூலி 100 என்றான். 500 கொடுத்தேன். "எதுக்கு சார்?" என்றான். "கேள்வி கேட்டதுக்கு" என்றேன். போன வருடப் பாக்கி அதில் அடங்கியிருந்தது, சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இதைப் படிப்பான், தெரிந்துகொள்வான்.

"நான் முப்பது வருஷமா எந்த ஆயிலும் ஊத்துறேன், ஒண்ணும் ஆகல" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். உங்களுக்கு ஆகவில்லை என்பதில் மகிழ்ச்சி. தலைக்கவசம் இல்லாமல் முப்பது வருடம் ஓட்டியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நாம என்ன மெக்கானிக் ஆகப் போறோமா?" என்பவர்களுக்கு: ஆக வேண்டாம். லிவரை ஆட்டிப் பார்க்கவும், டப்பாவைப் படிக்கவும் ஐந்து நிமிடம் போதும். மருமகனின் ஐயாயிரமும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருந்தது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை குழுவில் யாராவது வண்டியோ உடம்போ சரியில்லை என்று எழுதினால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். "எப்போதிருந்து? அதற்கு முன் என்ன மாறியது?" பதில் வரும்வரை தீர்ப்பை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்கு, பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், கூலியை முழுதாகக் கொடுங்கள்.

அடுத்த மாதம் கொல்லிமலைக்கு மறுபடி போகிறேன், வண்டியில்தான். வீட்டு அம்மா மட்டும் "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்கிறாள். அது அவளுடைய சோதனை முறை. நான் மறுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்